பேய் முகமூடியும் பூச்சாண்டியும்: வீட்டில் ஹாலோவீன் கொண்டாடலாமா?



அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் மலேசியப் பேரங்காடிகளில் இரண்டு அலங்காரங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. ஒருபக்கம் வண்ண அரிசிக் கோலமும் குத்துவிளக்கும் தீபாவளியை அறிவிக்கின்றன. மறுபக்கம் பல்லிளிக்கும் பரங்கிக்காயும் நெகிழி எலும்புக்கூடும் ஹாலோவீனை அறிவிக்கின்றன. 2024ஆம் ஆண்டில் இவ்விரண்டு நாள்களும் அக்டோபர் 31 என்னும் ஒரே தேதியில் வந்து சேர்ந்தன. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்திய பிள்ளை, மாலையில் பேய் வேடம் வேண்டுமென்று கேட்டால் என்ன சொல்வது?

"டீச்சர், பாலர் பள்ளியில் வேடமிட்டு வரச் சொல்கிறார்கள். வீட்டிலும் கொண்டாட வேண்டுமென்று பிள்ளை அடம்பிடிக்கிறான். கொண்டாடலாமா, கூடாதா?" பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பொதுவாக இரண்டு விடைகள் உடனே கிடைத்துவிடுகின்றன. "நம் பண்பாட்டிற்கும் இதற்கும் என்ன உறவு? வேண்டாம்" என்பது ஒரு விடை. "பிள்ளை விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள்" என்பது இன்னொரு விடை. இரண்டும் பெரியவர்களின் மனநிலையைச் சொல்கின்றன. நடுவில் நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே கேட்கவில்லை.

இளம்பிள்ளைகள் உள்ள வீட்டில் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி வேறு என்பது என் கருத்து. அச்சம் யார் கையில் இருக்கிறது? பிள்ளையின் கையிலா, பெரியவர் கையிலா? இதற்கு விடை கிடைத்தால் ஹாலோவீனைப் பற்றி மட்டுமன்றி, நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றைப் பற்றியும் தெளிவு பிறக்கும்.

எங்கிருந்து வந்தது?

ஹாலோவீனை அமெரிக்கப் பண்டிகை என்றே பலர் எண்ணுகின்றனர். அதன் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ளது. அறுவடை முடிந்து, மேய்ச்சலுக்குச் சென்ற மாடுகளைத் தொழுவத்திற்குத் திருப்பி, கடுங்குளிரை எதிர்நோக்கும் காலத்தில் கெல்டிய மக்கள் கொண்டாடிய நாள் 'சௌவின்'. கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இவ்வுலகிற்கும் மறுவுலகிற்கும் இடையிலுள்ள கதவு திறக்கும் என்பது பழைய நம்பிக்கை. பின்னர் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபையில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழாவாக நிலைபெற்றது. அதற்கு முந்திய மாலைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'ஆல் ஹாலோஸ் ஈவ்' என்ற பெயரே சுருங்கி ஹாலோவீன் ஆயிற்று. மறுநாள் நவம்பர் 2 இறந்தோரை நினைவுகூரும் நாள். நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதனைக் கல்லறைத் திருநாள் என்று அழைத்து, கல்லறைகளில் மலர் வைத்து மெழுகுவத்தி ஏற்றுகின்றனர். ஆக, ஹாலோவீன் என்பது இறந்தோரை நினைக்கும் நாள்களின் வாசற்படியில் நிற்கும் இரவு.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மக்கள் அன்றிரவு டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றினர். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும்பஞ்சம் மூண்டது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மடிந்தனர்; அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அவர்களுள் மிகப் பலர் வட அமெரிக்காவில் கரையிறங்கினர். அங்கே டர்னிப்பைவிடப் பெரியதும் குடைவதற்கு எளியதுமான பரங்கிக்காய் மலிந்து கிடந்தது. பழைய நாட்டின் கிழங்கு விளக்கு புதிய நாட்டில் பரங்கிக்காய் விளக்காயிற்று. பசியால் ஊர் துறந்த மக்கள் கையோடு கொண்டுசென்ற விழா இது. தோட்டத்து மண்ணிற்குத் தீமிதியையும் காவடியையும் கொண்டுவந்த மக்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்தச் செய்தி விளங்காமற் போகாது.

பிள்ளைகளுக்கென மாற்றியவர்கள் பெரியவர்கள்

இன்று நாம் காணும் குழந்தைகள் விழா தானாக அமைந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஊர்களில் ஹாலோவீன் இரவு என்றாலே இளைஞர்களின் குறும்பு என்று பொருள். வேலிக்கதவைக் கழற்றுவது, சன்னலில் சோப்பு பூசுவது, வண்டிகளைக் கவிழ்ப்பது என்று குறும்பு சேதமாக வளர்ந்தது. ஊர்ப் பெரியவர்களும் பள்ளிகளும் கூடி, அவ்விரவைப் பிள்ளைகளுக்கான அணிவகுப்பாகவும் விருந்தாகவும் மாற்ற முனைந்தனர். மின்னசோட்டா மாநிலத்தின் அனோக்கா நகரம் 1920இல் ஊர்முழுதும் சேர்ந்த அத்தகைய கொண்டாட்டத்தை நடத்தியது. வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் வழக்கம் 1930களில் பரவி, போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாட்டினால் தடைபட்டு, போருக்குப் பின் மீண்டும் வேர்பிடித்தது.

இங்கு நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு விழாவில் பிள்ளைகளுக்கு எது தகும், எது தகாது என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவுசெய்தார்கள். அதே உரிமை நமக்கும் இருக்கிறது. கடைக்காரர் விற்பதை அப்படியே வாங்கி வீட்டிற்குள் கொண்டுவர வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

'அந்நியம்' என்ற ஒரு சொல் போதுமா?

"பிறநாட்டு வழக்கம்" என்ற ஒரே காரணத்தால் இதனைத் தள்ளுவோர் பரங்கிக்காயின் பெயரைச் சற்று உற்றுநோக்க வேண்டும். பரங்கி என்பது ஐரோப்பியரைக் குறிக்க நாம் வழங்கிய சொல். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, கடல்வழி வந்த காய் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. அந்தக் காய்தான் இன்று பொங்கல் நாளில் கூட்டாகிப் படையலில் இடம்பெறுகிறது. அதன் மஞ்சள் பூதான் தமிழ்நாட்டில் மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகப்படுகிறது. வந்தது எதுவாயினும் நம் அடுப்பில் ஏறி, நம் கையால் மாறினால் நமதாகிவிடும்.

காயில் முகம் எழுதுவதும் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் புதிதாகக் கட்டும் வீட்டின் முகப்பில் பெரிய விழியும் கோரைப்பல்லும் மீசையுமாக முகம் எழுதிய பூசணிக்காயைத் தொங்கவிடுவார்கள். கண்ணேறு கழிக்க இங்கேயும் பூசணிக்காயைச் சுற்றி உடைக்கிறோம். தீய பார்வையைக் கொடிய முகத்தால் விரட்டலாம் என்ற எண்ணம் அயர்லாந்துக் குடியானவனுக்கும் தமிழ்க் குடியானவனுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. அச்சத்திற்கு ஒரு முகம் கொடுத்து, அம்முகத்தை வாசலில் காவலுக்கு நிறுத்துவது மனிதகுலத்தின் பழைய தந்திரம்.

நம் வீட்டுப் பூச்சாண்டி

ஹாலோவீன் பிள்ளைகளுக்குப் பேய்ப்பயத்தைக் கற்பிக்கிறது என்பது பலரும் கூறும் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டும் முன் நம் சமையற்கட்டின் பக்கம் திரும்பிப் பார்ப்போம். "சாப்பிடு, இல்லையென்றால் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான்." "அழாதே, சாக்குக்காரன் வருகிறான்." "அந்த அறைக்குப் போகாதே, அங்கே பேய் இருக்கிறது." இவற்றைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளைகள் மிகச் சிலரே. உடலெங்கும் நீறு பூசிய ஆண்டியே பூச்சாண்டி ஆனான் என்று விளக்குவோர் உண்டு. யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு துறவியைக்கூட நாம் சோறூட்டும் வேளையில் அச்சுறுத்தும் உருவமாக ஆக்கிவிட்டோம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பூச்சாண்டியில் அச்சம் பெரியவர் கையில் இருக்கிறது. பிள்ளைக்கு அதன் உருவம் தெரியாது, வரும் நேரம் தெரியாது, நிறுத்தும் வழியும் தெரியாது. அவன் செய்யக்கூடியது ஒன்றே: அடங்கிப்போவது. நன்றாக அமைந்த ஹாலோவீன் விளையாட்டிலோ பேய் வேடத்தைப் போடுவதும் கழற்றுவதும் பிள்ளை. "பூ!" என்று கத்துவது அவன். அஞ்சி நடிப்பது அப்பா. வெள்ளைத்துணியை உருவி எறிந்து, "நான்தான்!" என்று சிரிக்கும்போது அவன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான். பயம் என்பது போர்த்திக்கொள்ளவும் கழற்றிவைக்கவும் கூடிய ஒன்று. இந்தப் பாடம் சிறிய பாடமன்று. இருட்டில் கழிவறைக்குத் தனியே செல்லவும், புதிய வகுப்பில் எழுந்து நின்று பேசவும் பின்னாளில் இதுவே துணைவரும்.

அதே ஹாலோவீனில் மாமா ஒருவர் கொடூர முகமூடியுடன் கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து, பிள்ளை வீறிட்டு அழ, சுற்றியிருப்போர் கைப்பேசியில் படமெடுத்துச் சிரிப்பதும் நடக்கிறது. அங்கே அச்சம் மீண்டும் பெரியவர் கைக்குப் போய்விட்டது. அது ஆங்கில உடை அணிந்த பூச்சாண்டி. அதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

மூன்று வயதும் முகமூடியும்

"முகமூடி என்று அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்களுக்காக ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டிவ்ரீஸ் 1969இல் வெளியிட்ட ஆய்வு அது. மேனார்டு என்ற சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகள் தடவிப் பார்த்தார்கள். பிறகு பூனையின் தலைப்பகுதியை மறைத்து, அதற்கு நாய் முகமூடி ஒன்றை மாட்டினார்கள். அந்நேரம் முழுவதும் பூனையின் பின்பகுதி பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே இருந்தது. இப்போது இது என்ன என்று கேட்டபோது, மூன்று வயதினரில் பலர் அது நாயாகிவிட்டது என்றே கூறினர். ஐந்து, ஆறு வயதினரோ முகமூடி போட்டாலும் அது பூனைதான் என்பதைப் பெரும்பாலும் அறிந்திருந்தனர்.

பூனையின் வால் கண்ணெதிரே ஆடியும் பிள்ளை நம்பவில்லை என்றால், முகமூடிக்குள் இருப்பவர் அப்பா என்று சொல்வதால் மட்டும் அவன் நம்பிவிடுவானா? மூன்று வயதுப் பிள்ளையின் கண்முன் அப்பா மறைந்து, ஓர் அரக்கன் வந்து நிற்கிறான். அவன் அழுகை கோழைத்தனம் அன்று. அவனுடைய வயதில் அதுவே நேர்மையான பதில். "ஆம்பிளைப் பிள்ளை பயப்படலாமா?" என்று கேட்பது அவனுக்கு இரட்டைத் தண்டனை.

கொண்டாட விரும்பினால்

வீட்டில் கொண்டாடத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. கொண்டாடாமல் விட்டால் பிள்ளைக்கு இழப்பு ஒன்றுமில்லை. கொண்டாட விரும்பும் பெற்றோர் சிலவற்றைக் கருத்திற்கொள்ளலாம்.

1. பகல் வெளிச்சத்தில் தொடங்குங்கள். முகமூடி, துணி, வண்ணம் எல்லாவற்றையும் பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். வேடத்தை அவன் கண்முன் போட்டு, அவன் கண்முன் கழற்றுங்கள்.

2. முழுமுகத்தை மூடும் முகமூடியைவிட முகத்தில் வண்ணம் பூசுவது மேல். பார்வை மறையாது, தடுக்கி விழவும் மாட்டான். ஆறு வயதிற்குட்பட்டோருக்குப் பூனை, ஆந்தை, நிலா, வௌவால் போன்ற உருவங்களே போதும். இரத்தம் சொட்டும் உருவங்கள் வேண்டா.

3. பரங்கிக்காயில் முகத்தைப் பிள்ளை வரையட்டும். கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும். நம் சந்தையில் கிடைக்கும் பரங்கிக்காய் தோல் தடித்தது, சதை கெட்டியானது, ஆதலால் கத்தி எளிதில் வழுக்கும். குடையாமல் வண்ணப் பேனாவால் முகம் எழுதினாலும் அழகாகவே இருக்கும். குடைந்தால் உள்ளே மெழுகுவத்திக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறுவிளக்கை வையுங்கள். நம் வெப்பத்தில் குடைந்த காய் விரைவில் கெட்டுவிடும். அகற்றிய சதையை அன்றே கூட்டாகவோ புளிக்கறியாகவோ சமைத்து, "உன் பேயைத்தான் சாப்பிடுகிறோம்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சோறூட்டப் பூச்சாண்டி தேவைப்படாது!

4. இனிப்பைச் சும்மா கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் 'கைசிங்' என்றொரு வழக்கம் உண்டு. வேடமிட்ட பிள்ளைகள் வீட்டிற்குள் வந்து ஒரு பாட்டோ, கவிதையோ, நகைச்சுவையோ சொல்லிவிட்டுத்தான் பழமோ இனிப்போ பெறுவார்கள். "இனிப்பா, குறும்பா?" என்று மிரட்டிப் பெறுவதைவிட இது எவ்வளவு மேன்மை! தாத்தாவின் அறைக்கதவைத் தட்டி, ஒரு தமிழ்ப்பாட்டுப் பாடி, ஒரு விடுகதை போட்டு, ஒரு முறுக்கைப் பெறட்டும். நான்கு வயதிற்குட்பட்டோருக்குக் கடின மிட்டாயும் கச்சானும் தரவேண்டா, தொண்டையில் சிக்கும்.

5. அண்டைவீட்டுக் கதவுகளைத் தட்ட வேண்டா. நம் தாமானில் பல சமயத்தார் வாழ்கின்றனர். முஸ்லிம் குடும்பங்களும் கிறித்துவக் குடும்பங்கள் பலவும் ஹாலோவீனைத் தவிர்க்கின்றன. விருப்பமுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரு வீட்டில் கூடுவதே முறை.

6. வாங்குவதைக் குறையுங்கள். பழைய போர்வை, நாளிதழ், அட்டைப்பெட்டி, கரித்தூள் போதும். 1950இல் பிலடெல்பியாவில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் பால் அட்டைப்பெட்டியை ஏந்தி வீடுவீடாகச் சென்று, இனிப்புக்குப் பதில் யுனிசெஃப் நிறுவனத்திற்காகச் சில்லறை திரட்டினர். அந்தச் சிறுசெயல் பின்னர் நாடளாவிய வழக்கமாயிற்று. நம் பிள்ளையும் ஓர் உண்டியல் வைத்து, திரளும் பணத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று அவனே முடிவுசெய்யட்டும்.

7. "போதும்" என்று பிள்ளை சொன்னால் விளையாட்டு அங்கேயே முடியவேண்டும். இதில் விலக்கு இல்லை.

பேயாகும் முன் பாட்டனை அறியட்டும்

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. ஹாலோவீனின் வேரில் இருப்பது இறந்தோரின் நினைவு. கடைகளில் விற்கும் ஹாலோவீனில் அந்த வேர் அறுந்துவிட்டது. எலும்புக்கூடு இருக்கிறது, அது யாருடையது என்ற எண்ணம் இல்லை.

நம் வீடுகளிலோ அந்த வேர் இன்னும் ஈரமாக இருக்கிறது. தீபாவளிக்கு முன்னாள் மலேசியத் தமிழ் வீடுகள் பலவற்றில் முன்னோர்க்குப் படையல் இடுகிறோம். தாத்தாவுக்குப் பிடித்த மீன்குழம்பு, பாட்டிக்குப் பிடித்த வெற்றிலை, புதுவேட்டி, புதுச்சேலை எல்லாம் இலையருகே வைக்கப்படுகின்றன. ஆனால், அப்போது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் வேறோர் அறையில் கைப்பேசியுடன் இருக்கிறார்கள். "கும்பிட்டுவிட்டுப் போ" என்று ஒருமுறை அழைக்கிறோம். படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், எதற்குச் சிரிப்பார், எதற்குச் சினப்பார் என்று ஒருவரும் சொல்வதில்லை.

இறந்தோர் என்றால் அஞ்சவேண்டியவர்கள் என்ற எண்ணம் இந்த மௌனத்தில்தான் முளைக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஹாலோவீன் பேய் தெரிந்து, தன் பூட்டனின் பெயர் தெரியவில்லை என்றால் குறை அயர்லாந்தில் இல்லை. ஆகவே என் பரிந்துரை இது: பேய் வேடம் போடும் வீட்டில் அதற்கு முன்போ பின்போ ஒருமாலை, முன்னோரின் படத்தைக் கையில் எடுத்து ஒரு கதை சொல்லுங்கள். பேய்க்கதை வேண்டா, வாழ்ந்த கதை போதும். இறந்தவர்களை அன்போடு அறிந்த பிள்ளைக்கு இருட்டில் நிற்பது யார் என்ற அச்சம் குறையும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

நவம்பர் முதல் நாளில் கன்னத்தில் கருஞ்சாயம் முழுதாகப் போகாமல் ஒரு மாணவன் வகுப்பிற்கு வரக்கூடும். "தமிழ்ப்பள்ளி மாணவன் செய்கிற வேலையா இது?" என்று பலர் முன்னிலையில் கேட்டுவிடாதீர்கள். அவனுடைய பெற்றோர் எடுத்த முடிவுக்கு அவனைக் கூண்டிலேற்றுவது முறையன்று. கேட்கவேண்டியது, "நீ என்ன வேடம் போட்டாய்? யார் பயந்தார்கள்?" என்பதே. சொல்லச் சொல்ல அவனிடமிருந்து வாக்கியங்கள் வரும். அடுத்த நாற்காலியில் இருப்பவள் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றியதைச் சொல்வாள். இன்னொருவன் தாத்தாவுக்கு இலை போட்டதைச் சொல்வான். சீன நண்பர் வீட்டில் ஏழாம் மாதத்தில் முன்னோர்க்குத் தாள் எரித்ததைக் கண்ட பிள்ளையும் வகுப்பில் இருப்பான். ஒரு பருவத்திற்குப் போதுமான வாய்மொழிப் பயிற்சி அங்கே காத்துக்கிடக்கிறது.

வகுப்பறையிலும் பூச்சாண்டிகள் உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது. "தலைமையாசிரியரிடம் அனுப்பிவிடுவேன்" என்பதும் ஒரு பூச்சாண்டியே. தலைமையாசிரியரின் அறையைக் கடக்கும்போதெல்லாம் ஓடும் ஒன்றாமாண்டு மாணவனுக்கு அக்டோபர், நவம்பர் என்ற வேறுபாடு இல்லை.

நிறைவாக

ஹாலோவீன் நம் வீட்டிற்குள் வரலாமா என்பதை அவரவர் குடும்பமும் சமயமும் முடிவுசெய்யட்டும். வருமானால், அச்சத்தைப் பிள்ளையின் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கும் விழாவாக வரட்டும். வரவேண்டா என்று முடிவு செய்தோர், அதே உறுதியோடு பூச்சாண்டியையும் வாசலுக்கு வெளியே நிறுத்தட்டும். ஆண்டுக்கு ஒருநாள் வரும் பேயைவிட, மூன்று வேளையும் சோற்றுத்தட்டின் அருகில் வந்து நிற்கும் பேய்தான் பிள்ளையின் மனத்தில் நெடுநாள் குடியிருக்கும்.

சிந்திப்போம், நம் பிள்ளைகளை அஞ்சாமல் வளர்ப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்